பெற்றோரைக் காணச் செல்லும் நாள்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவரில் பலர் வியாபாரத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் சொந்த ஊரை விட்டுச் சென்னையிலும் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் குடியிருக்கின்றனர். ஊரில் எஞ்சியிருப்பவர் வயது முதிர்ந்த தாய் தந்தையரே. நீரிழிவு, இருதய நோய், இரைப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாதவர் அவருள் சிலரே. பண்டிகைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று அவர்கள் வாசலைப் பார்த்திருக்கும் வேளையில், அப்பிள்ளைக்குச் சளிச்சுரம் கண்டுவிட்டால் அவன் செய்யத்தக்கது யாது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

இதனை அற்ப விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். இளையவனுக்கு நான்கு நாள் படுக்கையோடு போய்விடும் இன்புளுவென்சா, எழுபது வயது கடந்தவருக்கு நிமோனியாவாக முற்றுவதுண்டு, மாரடைப்பைத் தூண்டுவதுமுண்டு. முதியோரிடம் அது வெளிப்படும் விதமும் வேறு. சுரமே காணாமல், உணவை வெறுத்தல், பேச்சுத் தடுமாறல், நடக்கையில் விழுதல் ஆகியவையே முதற் குறிகளாக இருத்தல் கூடும். ஆகவே நோயென்று கண்டுகொள்வதற்கே நாட்கள் கழிந்துவிடும். 2019-ம் ஆண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய கொரோனா நோய் முதியோரிடத்தே எவ்வளவு கொடுமை செய்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இவ்விஷயத்தில் நம்மவர் செய்வது என்ன? டெலிபோனில் தாயாரைக் கூப்பிட்டு, “அம்மா, எனக்கு உடம்பு சற்றுச் சரியில்லாமல் இருந்தது, வரலாமா?” என்று கேட்கின்றனர். எந்தத் தாய் வராதே என்பாள்? “எனக்கு என்னடா ஆகப்போகிறது, நீ வா, வந்தால் மிளகு ரசம் வைத்துத் தருகிறேன்” என்பாள். அந்த விடையைப் பெற்று மனச்சாந்தியோடு ரயிலேறுவதை நான் அனுமதி பெற்றதாகக் கருதமாட்டேன். மறுக்க இயலாதவரிடம் தீர்மானத்தை ஒப்படைத்துவிட்டு நாம் விலகிக்கொள்வதே அதன் பொருள். வரும் நாளைத் தீர்மானிக்க வேண்டியவன் நோயுற்ற பிள்ளையே. அவன் தன் ஆசையைக் கொண்டோ உடம்பின் தெம்பைக் கொண்டோ அன்றி, நாட்கணக்கைக் கொண்டு தீர்மானித்தல் வேண்டும்.

நாள் எண்ணிக் காக்கும் முறை புதிதன்று. 1377-ம் ஆண்டிலேயே ரகுசா என்னும் துறைமுக நகரத்தார், கொள்ளை நோய் பரவிய இடங்களிலிருந்து வந்தோரை முப்பது நாள் ஊருக்குப் புறம்பே தங்கச் செய்தனர். பின்னர் அது நாற்பது நாளாயிற்று. நம் வீடுகளில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவதும், மூன்று முறை தலைக்கு நீர் விடும் வரை வெளியார் வாராதிருப்பதும் இவ்வகைக் காவலே. சின்னம்மைக் கொப்புளங்கள் யாவும் பொருக்குத் தட்டும் வரை தொற்று உண்டு என்பது வைத்தியர் கூற்று. நம் பாட்டிமார் வைத்த கெடு அதற்குக் குறைந்ததன்று. ஆயினும் வேப்பிலை காட்டாத செய்தி ஒன்றுண்டு. கொப்புளம் எழுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்று தொடங்கிவிடுகிறது. ஒரே வீட்டிலிருந்து, இதுவரை அம்மை காணாத மற்றொரு குழந்தைக்கு அது 21 நாட்கள் வரை கழித்தும் வெளிப்படலாம். ஆகையால் அக்குழந்தையையும் அந்நாட்கள் கழியும் வரை தாத்தா பாட்டியிடம் அனுப்பலாகாது.

சளிச்சுரத்தின் கணக்கைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு மையம் 2024-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இன்புளுவென்சா, கொரோனா முதலிய சுவாச நோய்களுக்குப் பொதுவாக ஒரு முறையை வெளியிட்டது. சுரமருந்து உட்கொள்ளாமலே சுரம் நீங்கி 24 மணி நேரம் கழியவேண்டும். மற்றக் குறிகளும் தணிந்து வரவேண்டும். அதன் பின்னரும் ஐந்து நாள் முகக்கவசம் முதலிய காவல்களைக் கைக்கொள்ள வேண்டும். பாரசிட்டமால் விழுங்கிச் சுரத்தைத் தணித்துக்கொண்டு “சுரம் இல்லை” என்பது இக்கணக்கில் சேராது.

ஓர் உதாரணம் கொள்வோம். பொங்கல் வெள்ளிக்கிழமை வருகிறது. ஒருவருக்கு அதற்கு முந்திய ஞாயிறன்று இன்புளுவென்சா கண்டது. புதன் மாலை சுரம் இறங்கிற்று. அதன் பின் மருந்தில்லை. வியாழன் மாலையோடு 24 மணி நேரம் முடிகிறது. அன்றிரவே ரயில்; டிக்கெட்டும் கையிலிருக்கிறது; உடம்பும் தெளிந்துவிட்டது. போகலாமா? கூடாது. வெள்ளி முதல் செவ்வாய் வரை ஐந்து நாள் காவல் நாட்கள். வெளியாரிடையே முகக்கவசத்தோடு நடமாடலாமேயன்றி, முதிய தந்தையுடன் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து உண்ணும் நாட்கள் அல்ல அவை. அடுத்த புதன்கிழமையே தக்க நாள். நோய் கண்ட நாளை விட்டு எண்ணினால் அது பத்தாம் நாள். பெரும்பாலோருக்குக் கொரோனாவின் தொற்றும் பத்து நாளைக்குள் அடங்குவதால், எந்த நோயென்று அறியாதவருக்கும் இக்கணக்குப் பொருந்தும். வீட்டிலேயே செய்யும் கொரோனா பரிசோதனை ஒரு முறை இல்லையென்று காட்டினால் போதாது. 48 மணி நேரம் கழித்து மறுமுறையும் பார்க்கவேண்டும். தாமே உறுப்பு மாற்றுச் சிகிச்சையோ புற்றுநோய்ச் சிகிச்சையோ பெற்றவர்களுக்குத் தொற்று நெடுநாள் நீடிக்கக்கூடுமாதலால் வைத்தியரைக் கேட்டே நாள் குறிக்க வேண்டும்.

இதற்கு மாறாக அச்சத்தால் மாதக்கணக்கில் போகாதிருப்பவரும் உளர். சளிச்சுரத்தின் பின் வறட்டிருமல் மூன்று வாரமும் இருக்கும். அதனாலேயே தொற்று இருப்பதாகக் கொள்ள வேண்டுவதில்லை. கக்குவான் இருமல் வேறு. அதற்கு வைத்தியர் சொற்படி நடக்க வேண்டும். வாந்தியும் பேதியும் கண்டவர், அவை நின்று இரண்டு நாளாவது கழிந்த பின்பே செல்லவேண்டும். சென்ற பிறகும் சோப்பிட்டுக் கைகழுவாமல் சமையலறையில் நுழையலாகாது. அந்த நோய்க்குக் கையில் தடவும் மதுச்சாரக் கரைசலை நம்பியிருக்கவும் முடியாது.

காத்திருக்க இடமில்லாத சமயமும் வரும். தந்தைக்கு மூச்சுத் திணறல் என்று செய்தி வந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? அண்டையிலிருக்கும் உறவினர் ஒருவரை உடனே அனுப்பி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லச் செய்யவேண்டும். நாமே போக நேர்ந்தால் நன்கு பொருந்தும் முகக்கவசத்தோடு போய், திண்ணையிலோ காற்றோட்டமுள்ள கூடத்திலோ விலகியிருந்து, வேறிடத்தில் உண்டு உறங்கலாம். இதற்காகவே ஒவ்வொரு குடும்பமும் ஊரில் இருவருடைய டெலிபோன் எண்களைக் குறித்து வைத்திருத்தல் நலம். முதியோருக்கு ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசியும், நிமோனியாத் தடுப்பூசியும் போடுவது பற்றிப் பண்டிகைக் காலம் வருமுன்பே வைத்தியரைக் கேட்டுவிடுவதும் நன்று.

நம் சங்கத்தாரிடம் நான் வேண்டுவது மற்றொன்று. “பொங்கலுக்குக்கூடப் பிள்ளை வரவில்லையாம்” என்று பேசும் வாய்கள் நம்மிடையே அதிகம். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே பலர் சுரத்தோடு பிரயாணம் செய்கின்றனர். துக்கம் விசாரிக்கவும் கலியாணத்திற்கும் வரத் தவறியவரைப் பற்றியும் இவ்வாறே குறை கூறுகின்றோம். உடம்பு சரியில்லாமையால் வரவில்லை என்று ஒருவர் சொல்லியனுப்பினால், அதனை மரியாதைக் குறைவாகக் கொள்வதில்லை என்று இக்கூட்டத்திலேயே நாம் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பின்னர் வரும் புதன்கிழமையில் அவ்வீட்டார் மறுபடியும் பானை வைத்துப் பொங்கினால், அண்டையிலுள்ள நாமும் போய் வரலாம்.