யார் பெயரைச் சொல்லிக் கேட்கிறீர்கள்?

(உத்திரமேரூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மத நிறுவனங்கள் தர்ம காரியத்துக்குப் பணம் திரட்டும்போது தங்கள் மதத்தை வெளிப்படையாகச் சொல்லணுமா, வேணாமா? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. 'கொடுக்கிறவன் காசு, வாங்குகிறவன் டிரஸ்ட், நடுவுல நமக்கென்ன?' என்று சிலருக்குத் தோன்றலாம். உண்டியல் குலுக்குவது நம்ம பெயரைச் சொல்லித்தான். நோட்டீசில் அச்சாகிற குழந்தை நம்ம தெருக் குழந்தை. 'ஏழைக் குழந்தைகள் கல்வி', 'கிராம முன்னேற்றம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த டிரஸ்ட் எந்த மதத்தைச் சேர்ந்தது, வருகிற காசில் பிள்ளைக்கு எவ்வளவு, சாமிக்கு எவ்வளவு என்பது மட்டும் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லித்தான் ஆகணும். காசு கொடுக்கிறவனிடம் சொன்னால் மட்டும் போதாது. யாரைக் காட்டிக் கேட்கிறார்களோ, அவர்களிடம் முதலில் சொல்லணும்.

நம்ம ஜில்லாவின் பழைய கதை ஒன்றைப் பார்க்கலாம். காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் இங்கிருந்த பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலம் இல்லை, குடியிருக்கிற மனைகூட மிராசுதாரன் தயவு என்று எழுதினார். அடுத்த வருஷம் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. அதே காலத்தில் ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் செங்கல்பட்டுப் பகுதியில் தரிசு நிலத்தில் சேரி மக்களைக் குடியேற்றினார். மெல்ரோசாபுரம் அப்படி வந்த ஊர். மிராசுதார்கள் இதையெல்லாம் விரும்பவில்லை. 'மதம் மாத்தத்தான் இதெல்லாம்' என்ற பேச்சு அன்றைக்கே உண்டு.

ஆனால் அந்தப் பாதிரியார் தன்னைப் பாதிரியார் என்று மறைக்கவில்லை. அங்கி போட்டுக்கொண்டு, வேதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சேரிக்குள் வந்தார். வருகிறவர் யார், அவருக்கு என்ன வேணும், நமக்கு என்ன வேணும் என்று நம்ம முப்பாட்டன் எடைபோட்டுப் பார்க்க முடிந்தது. மாறினவனும் தெரிந்தே மாறினான், மாறாதவனும் தெரிந்தே மாறவில்லை. 'கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மாறினவன்' என்று பிற்பாடு நம்மை ஏளனம் செய்தவர்கள், நமக்கு எடைபோடத் தெரியும் என்பதையே ஒத்துக்கொள்ளாதவர்கள்.

அதில் ஒரு குறையும் இருந்தது. மிஷன் தன் கணக்கை ஸ்காட்லாந்துக்கு எழுதியது. சேரிக்குப் படித்துக் காட்டவில்லை. அங்கே போன அறிக்கைகளில் நாம் 'விஷயம்' மட்டும்தான். இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இனி மறைத்துக் கேட்ட கதை. 2002இல் மும்பையின் சப்ரங் அமைப்பும் 'சவுத் ஏசியா சிட்டிசன்ஸ் வெப்' குழுவும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அமெரிக்காவில் இயங்கிய இந்திய வளர்ச்சி நிவாரண நிதி, அதாவது ஐ.டி.ஆர்.எஃப்., மதச்சார்பற்ற வளர்ச்சிப் பணி என்று சொல்லி வாங்கிய பணத்தின் பெரும்பகுதி ஆர்.எஸ்.எஸ். குடும்பத்து அமைப்புகளுக்குப் போனது என்பது குற்றச்சாட்டு. 2004இல் பிரிட்டனில் 'ஆவாஸ்' என்ற அமைப்பு சேவா இன்டர்நேஷனலைப் பற்றி இதே மாதிரி எழுதியது. 2001 குஜராத் பூகம்பத்துக்கென்று கொடுத்த சனங்களுக்கு, காசு எந்தக் குடும்பத்துக்குப் போகிறது என்று சொல்லப்படவில்லை என்றது. இரண்டு நிறுவனங்களும் குற்றச்சாட்டை மறுத்தன. அந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி சின்னது. சங்கத்துக்காரன் சங்கத்துக்காரன் என்று சொல்லியே கேட்டிருந்தால் யாராவது அறிக்கை எழுதியிருக்க முடியுமா? நோட்டீசில் இல்லாத வரியிலிருந்துதான் இந்தச் சண்டையே பிறந்தது.

'அப்ப வெளிப்படையா சொன்னவனுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க நிறுவனம், இயேசுவின் பெயரால் குழந்தைகளைப் படிக்கவைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் பணம் திரட்டியது. சென்னையிலும் அதன் கூட்டாளி அமைப்பு இருந்தது. 2016இல், முன் அனுமதி இல்லாமல் அதனிடமிருந்து யாரும் பணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. மதமாற்றம் என்பதுதான் புகார். 2017 மார்ச்சில் இந்திய வேலையை மூடிவிட்டார்கள். நாடு முழுக்க ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தாளை யாராவது கேட்டார்களா? காசு வந்தபோதும் கேட்கவில்லை, நின்றபோதும் கேட்கவில்லை.

நான் பேங்க் கவுண்டரில் உட்கார்கிறவன். கொஞ்சம் அந்தப் பாஷையிலும் பேசணும். வெளிநாட்டுப் பணச் சட்டம் பண்பாடு, பொருளாதாரம், கல்வி, மதம், சமூகம் என்று ஐந்து காரியங்களை ஒத்துக்கொள்கிறது. மதமும் அதில் ஒன்று, தோழர்களே. மதத்துக்கென்று சொல்லி வாங்குவது குற்றமே இல்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முழுக்க டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சு ஒன்றில்தான் வந்து இறங்கணும். ஒவ்வொரு ரூபாயும் அரசாங்கத்தின் கண்ணில் படுகிறது. உள்நாட்டில் '80ஜி' என்று ரசீதில் பார்த்துப் பழகியிருக்கிறோமே, 1961 வருமானவரிச் சட்டத்தில் இருந்த அந்தச் சலுகை வேணுமென்றால், மதக் காரியத்துக்கு வருமானத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று இருந்தது. ஆக, ஒரு பக்கம் வரிச் சலுகை மதத்தைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லும். இன்னொரு பக்கம் போலீஸ் பயம் போடவே வேணாம் என்று சொல்லும். டெல்லிக்குக் கணக்கு போகிறது, வாஷிங்டனுக்குப் போகிறது. காலனித் தெருவுக்குத்தான் வந்து சேரவில்லை.

நம்ம ஊரிலேயே நடந்தது ஞாபகம் இருக்கும். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. ஆசைகாட்டி மாற்றினால் தண்டனை. மாறுகிறவன் தாழ்த்தப்பட்டவன் என்றால் தண்டனை இன்னும் அதிகம். அதாவது, சேரிக்காரனுக்குச் சுயபுத்தி இல்லை, ஒரு மூட்டை அரிசிக்கு விலைபோவான் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதினார்கள். 2004இல் அதைத் திரும்ப வாங்கவேண்டி வந்தது.

இந்த இடத்தில் ஒரு கோடு கிழிக்கணும். நிறுவனம் தன் மதத்தைச் சொல்லணும் என்பது வேறு. தனி மனுசன் தன் மதத்தைச் சொல்லணும் என்று நெருக்குவது வேறு. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவுக்குத்தான் எஸ்.சி. சான்றிதழ். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனான பறையனுக்கும் முஸ்லிமான பள்ளனுக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, தாலுக்கா ஆபீசில் 'இந்து' என்று எழுதுகிற அம்மாவைப் பொய்க்காரி என்று நான் சொல்லமாட்டேன். அவள் மறைப்பது பிள்ளையின் படிப்புக்காக. டிரஸ்ட் மறைப்பது வசூலுக்காக. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவன் நமக்கு நண்பன் இல்லை. 1994 அக்டோபரில், காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான இருவரில் ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. பெயரில்தான் மதம் வேறே. இரண்டு பேரும் செத்தது ஒரே நிலத்துக்காக.

மதத்தை மட்டும் சொன்னால் போதுமா என்றால், போதாது. சாதியையும் சொல்லணும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் ஒத்துக்கொண்டது: 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று. உண்டியலுக்குத் தலித் படம், நிர்வாகக் குழுவுக்கு வேறே முகம் என்றால் சிலுவை இருந்தாலும் விபூதி இருந்தாலும் அது நம்ம டிரஸ்ட் இல்லை. மடமும் இதற்கு விலக்கல்ல, மசூதியும் அல்ல, நாளைக்கு நாமே ஒரு பௌத்த டிரஸ்ட் தொடங்கினால் அதுவும் அல்ல.

இந்த ஊர் குடவோலைக் கல்வெட்டைப் பெருமையாகப் பேசுகிறார்கள். பராந்தகச் சோழன் காலம், 919, 921. கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேதமும் இருந்தால்தான் ஓலையில் பெயர். தாழ்ந்தவரோடு சேர்ந்து கெட்டவனுக்குப் பிராயச்சித்தம் செய்கிறவரைக்கும் இடமில்லை. நம்ம பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே இல்லை. ஆனால் அதே கல்லில் இன்னொரு விதி உண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் மறுபடி வரக் கூடாது. அவர்களுக்குள்ளே வைத்துக்கொண்ட அந்த விதியை இப்போது நாம் கையில் எடுக்கலாம்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு யாராவது கேமராவோடு காலனிக்கு வந்தால் நாலு கேள்வி கேளுங்க. நீங்க எந்த மதம்? வசூலில் எவ்வளவு மத வேலைக்கு? முடிவெடுக்கிறவங்க யார், எந்தச் சாதி? உதவி வாங்கினா ஜெபத்துக்கோ பூஜைக்கோ வரணுமா? பதிலை ரசீதிலும் நோட்டீசிலும் தமிழில் அச்சடிக்கச் சொல்லுங்க. வருஷத்துக்கு ஒருமுறை கணக்கைக் காலனித் தெருவிலேயே படிக்கச் சொல்லுங்க. கிராமசபை என்று நான் சொல்லாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும், அங்கே நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு என்று. பதில் சொல்கிறவர்கள் எந்த மதமாக இருந்தாலும் உள்ளே வரட்டும், உட்கார வைத்துப் பேசலாம். சொல்லாதவர்களுக்கு நம்ம பிள்ளையின் படம் கிடையாது.

ஜெய்பீம்.