ரசத்துக்கு ஓர் அணை

மன்னார்குடியிலே ஒரு கல்யாணப் பந்தி. தாத்தாவும் பேரனும் பக்கத்துப் பக்கத்து இலை. ரசம் ஓட ஆரம்பிச்சுது. தாத்தா அவசரமா சோற்றாலே அணை கட்டினார்.

"விண்வெளியிலே இந்தக் கவலையே இல்லை தாத்தா. ரசம் ஓடாது, உருண்டை உருண்டையா மிதக்கும்" என்றான் பேரன்.

"அப்புறம் எப்படிடா சாப்பிடறது?"

"பையிலே அடைச்சதைக் குழாய் வெச்சு உறிஞ்சணும். பல பதார்த்தங்களை ஈரமில்லாம உலர்த்தி அனுப்பறாங்க. அங்கே பைக்குள்ளே வெந்நீரைச் செலுத்தி, கொஞ்ச நேரம் ஊறவிட்டா சாப்பாடு தயார்."

"அட, நம்ம அவல் நனைக்கிற கதைதான்!"

விண்வெளிக்கு நம்ம சாப்பாடும் போயிருக்கு. 1984 ஏப்ரலிலே அங்கே போன ராகேஷ் சர்மாவுக்கு, மைசூரில் இருக்கிற பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக்கூடம் நம்ம நாட்டுச் சாப்பாடு தயாரிச்சுக் கொடுத்தது. 2025 ஜூனிலே சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா, கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோய்க் கூட இருந்தவங்களுக்கும் கொடுத்தார்.

அங்கே உப்பு, மிளகுத்தூள் தூவ முடியாது. பறந்துபோய்க் கண்ணிலே விழும், கருவிக்குள்ளே புகுந்துடும். அதனாலே உப்பைத் தண்ணீரிலே கரைச்சு, மிளகை எண்ணெயிலே கலந்து வெச்சிருக்காங்க. உதிர்கிற ரொட்டிக்குப் பதிலா சப்பாத்தி மாதிரி ஒன்று. உடம்பிலே உள்ள நீர் தலைப்பக்கம் ஏறுறதாலே மூக்கடைச்ச மாதிரி இருக்கும், ருசி மட்டுப்படும். பலரும் காரம் தேடுவாங்க.

தாத்தா அப்பளத்தை நொறுக்கினார். "இது?"

"கூடவே கூடாது. தூள் பறக்கும்!"

"நொறுக்க அப்பளமும் இல்லை, அணை கட்ட ரசமும் இல்லை. அது என்னடா சாப்பாடு? நான் மன்னார்குடியிலேயே இருந்துக்கறேன்!"