இல்லத்தில் இருந்தபடி கண்ட மூன்று படங்கள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கலைகளைப் பற்றிப் பேசவல்ல அறிஞர் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இந்தக் கரக்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பயணச்சீட்டு முன்பதிவுச் சாளரத்தின் பின்னே அமர்ந்திருக்கும் என்னை மேடையேற்றியது செயலாளர் அவர்களின் அன்பேயன்றி என் தகுதியன்று. "அண்மையில் வீட்டில் என்ன படம் பார்த்தீர்? அதைச் சொல்லும், போதும்" என்றார். சொல்கிறேன்.

நான் இவ்வூருக்கு வந்த புதிதில், ஒரு தமிழ்ப்படம் காண வேண்டுமாயின் விடுப்பில் ஊர் செல்லும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அன்றேல், ஊர் சென்று திரும்பும் நண்பர் எவரேனும் குறுந்தகடு கொணர வேண்டும். இன்றோ, இரவு உணவு முடிந்தபின் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே 1952-ஆம் ஆண்டுப் படமும் வருகிறது, 2024-ஆம் ஆண்டுப் படமும் வருகிறது. சென்ற மழைக்காலத்தில் நானும் என் மனைவியும் மகளும் அவ்வாறு கண்டவற்றுள் மூன்றே இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

முதலாவது 'பராசக்தி'. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் தீட்டி, சிவாஜி கணேசன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய அப்படத்தைப் புதிதாய் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இவர்கள் ஏன் வீட்டுக்குள்ளும் மேடையில் பேசுவதுபோலவே பேசுகிறார்கள்?" என்று வினவினாள். வினா நியாயமானதே. வசனம் மிகுதி என்பதை நானும் ஒப்புகிறேன். ஆயினும் மறுநாள் உணவுக்கு அழைத்த தாயிடம் அவள் அதே அடுக்கு நடையில் மறுமொழி கூறக் கேட்டபோது, பல ஆண்டுகளாக நான் சொல்லிக் கொடுத்தும் வாராத தமிழ் ஒரே இரவில் வந்துவிட்டதே என்று வியந்தேன்.

யாவரும் நீதிமன்றக் காட்சியைப் புகழ்வர். என்னைத் தடுத்து நிறுத்தியது தொடக்கம்தான். இரங்கூனில் வாழும் அண்ணன் தம்பியர் மூவர், மதுரையில் நடக்கவிருக்கும் தங்கையின் திருமணத்திற்குப் புறப்பட முனைகின்றனர். போர்க்காலமாதலால் கப்பலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. அன்பர்களே, நால்வருக்கு இடம் கேட்டு ஒருவருக்கு மட்டும் கிடைக்கப் பெற்ற குடும்பங்களை நான் நாள்தோறும் காண்கிறேன். அவர்கள் என்னை ஏசுவதில்லை; ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். அந்தப் பார்வையை அப்படத்திலே கண்டேன். சீட்டுப் பெற்ற இளையவனும் உரிய நாளில் ஊர் சேரவில்லை. கப்பல் கரை சேரும்போது திருமணம் முடிந்து மாதங்கள் பல கழிந்துவிடுகின்றன.

இரண்டாவது, சத்யஜித் ராய் 1955-இல் அளித்த 'பதேர் பாஞ்சாலி'. "வங்கத்துச் சோறு உண்டுகொண்டு இதைப் பாராதிருப்பதா?" என்று அடுத்த வீட்டு வங்காள அன்பர் கடிந்துகொண்டபின் பார்த்தேன். நாணல் பூத்த வெளியிலே அக்காளும் தம்பியும் ரயிலைக் காண ஓடும் காட்சியை ரயில்வேக்காரர் எவரும் மறக்க மாட்டார். முதல்நாள் படமெடுத்துவிட்டு மறுவாரம் சென்றபோது அந்த நாணற் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டனவாம். மீண்டும் பூக்கும் பருவம் வரும்வரை ராய் காத்திருந்தார். பின்னர்ப் பணமின்றி நின்ற படத்திற்கு மேற்கு வங்க அரசு உதவியபோது, தலைப்பில் 'பாதை' என்ற சொல் இருந்தமையால், அத்தொகையைச் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினர் என்பர். கோப்பு எழுதும் நம்மவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது!

ஆனால் நான் கூற வந்தது வேறு. பொருள் தேடி வெளியூர் சென்ற தந்தை ஹரிஹரன், மாதங்கள் கழித்துத் திரும்பி வந்து, கொணர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். மகள் துர்க்கைக்கென ஒரு சேலையும் நீட்டுகிறான். அவள் காய்ச்சலில் இறந்துபோனதை அவன் அறியான். தாய் வாய்விட்டு அழுகிறாள். அவ்வழுகுரல் நம் செவிக்கு எட்டவில்லை. அதற்கு மாற்றாக ஓர் இசைக்கருவி ஓலமிடுகிறது.

அவ்விடத்தில் என் மனைவி படத்தை நிறுத்திவிட்டாள். காரணம் எங்கள் இருவர்க்கும் தெரியும். பாபநாசத்திற்கு அருகே சிற்றூரில் வாழ்ந்த என் தமக்கைக்கென, ஒரு துர்க்கை பூசையின்போது வங்க நூற்சேலை ஒன்று வாங்கினேன். அவள் நோயுற்றிருந்தாள். அடுத்த மாதம் செல்வோம், அடுத்த மாதம் செல்வோம் என்று நானே நாள் கடத்தினேன். சென்னை செல்லும் வண்டி நாள்தோறும் என் கண்முன்னே நின்று புறப்படுகிறது; ஏற வேண்டியது ஒன்றே குறை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அச்சேலை இன்னும் எங்கள் பெட்டியின் அடியில் இருக்கிறது. மீதிப் படத்தை நான் மட்டும் மறுநாள் பார்த்து முடித்தேன்.

மூன்றாவது, 2024-இல் வெளிவந்த 'மெய்யழகன்', பிரேம்குமார் இயக்கியது. சொத்துத் தகராறினால் தஞ்சையை விட்டகன்ற ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்திற்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே "அத்தான், அத்தான்" என்று உருகி உபசரிக்கும் உறவினன் ஒருவனின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. கேட்கவும் நாணம். முன்னொரு காலத்தில் அவர் விட்டுச்சென்ற மிதிவண்டியே தன் குடும்பத்தை வாழவைத்தது என்கிறான் அவன். நாணம் தாளாது விடியற்காலையில் சொல்லாமலே புறப்பட்டுவிடுகிறார். படம் சற்று நீளந்தான். அரவிந்த்சாமி, கார்த்தி இருவரும் இரவெல்லாம் பேசும் பகுதியைச் சிலர் குறை கூறினர். எனக்கோ அது போதவில்லை, எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டு நெடுநாளாயிற்று.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, எனக்கும் ஓர் அத்தான் உண்டா?"

உண்டு. என் தமக்கையின் மகன். தாயின் காரியத்திற்குப் பின் அவனோடு நான் பேசவில்லை, பகையன்று, வெட்கம். அன்றிரவே எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன். குரல் கேட்ட மாத்திரத்தில் "மாமாவா?" என்றான். பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பொங்கலுக்கு மூன்று இடம் பதிவு செய்திருக்கிறேன். இரண்டு உறுதியாகிவிட்டன. ஒன்று, சாளரத்தின் பின்னே அமர்ந்திருந்தும் பயனில்லை, காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறது. சேலையை மனைவி வெளியே எடுத்து வெயிலில் உலர்த்தியிருக்கிறாள்.