ஈரம் இங்கே, ஓட்டை எங்கே?



பழைய கார் செலவா, செல்வமா? இதுதான் கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, "மழை பெய்தால் வெளியே நனைவதைவிட உள்ளேதான் அதிகம் நனைகிறோம். இதற்குப் பெயர் காரா, கட்டுமரமா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் அம்மா, வீடு ஒழுகினால் ஓட்டை மாற்றுவோமா, வீட்டையே மாற்றுவோமா? (சிரிப்பு)

என் மைத்துனர் வீட்டுச் சமாசாரம் ஒன்று சொல்கிறேன். அவர் அப்பா விட்டுப்போன கார். ஐப்பசி மழையில் பின்சீட்டுக்குக் கீழே கம்பளம் சொதசொத என்று ஈரம். அங்கே உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறவன் அவர் மகன். உடனே தீர்ப்பு வந்துவிட்டது. "இவன்தான் தண்ணி பாட்டிலைக் கொட்டியிருக்கான்!" பையன் அழுகிறான், "நான் இல்லப்பா." யார் கேட்டார்கள்? நம் வீடுகளில் ஈரம் எங்கே தெரிகிறதோ, அங்கே இருப்பவன்தான் குற்றவாளி!

அடுத்த மழைக்கு, பையன் லீவில் இருந்தபோதும் ஈரம். பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் காரைச் சுற்றிக்கூட வரவில்லை. "கண்ணாடி ரப்பர் போச்சு சார்." மாற்றினார்கள். ஒழுகியது. "கதவு ரப்பர் சார்." மாற்றினார்கள். ஒழுகியது. கடைசியில் கண்ட இடமெல்லாம் பசையைப் பூசிவிட்டு, "வித்துடுங்க சார்" என்றார்கள். எதிரணி சொல்லும் செலவு இதுதான். தேடாமல் மாற்றியதற்குக் கொடுத்த தண்டம்! மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், நோயைப் பார், அதன் காரணத்தைப் பார், பிறகு வைத்தியம் செய் என்கிறார். பட்டறைக்காரர் நேராக வைத்தியத்துக்குப் போய்விட்டார்.

என் மாமியார் விற்கச் சம்மதிக்கவில்லை. "அவர் ஓட்டின வண்டிடா, கொஞ்சம் பொறுத்துப் பாரு" என்றார். தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒரு பெரியவர். அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, வெயில் நாள்லயும் ஈரமா இருக்கா?" எப்படிப்பட்ட கேள்வி பாருங்கள்! வெயிலிலும் ஈரமென்றால் ஏ.சி. தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். மழையில் மட்டும் என்றால் வழி வெளியிலிருந்து.

கம்பளத்தைத் தூக்கினார். துடைத்துக் காயவிட்டார். தரையில் செய்தித்தாள் விரித்தார். உள்ஓரங்களில் முகப்பவுடர் தூவினார். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், தண்ணீர் இறங்கினால் பவுடரில் கோடு விழும்! பையனை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்து, வெளியே ஹோஸ் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டார். கீழிருந்து மேலே, ஓர் இடத்துக்கு 5 நிமிஷம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்தில், சல்லடை போட்ட பள்ளம் ஒன்று உண்டு. அங்கே தண்ணீர் பட்டதும் பையன் கத்தினான், "தாத்தா, கோடு!" திறந்தால் உள்ளே வேப்பிலை! வருஷக்கணக்காக வேப்பமரத்தடியில் நிற்கிற கார். இலை வடிகாலை அடைத்து, தண்ணீர் தேங்கி, காற்று வரும் வழியாக உள்ளே இறங்கி, கம்பளத்துக்கு அடியிலேயே ஓடிப் பின்பக்கப் பள்ளத்தில் நின்றிருக்கிறது. வேப்பிலை அடித்தால் பேய் ஓடும் என்பார்கள். இங்கே வேப்பிலைதான் பேய்! (கைதட்டல்)

கையால் அள்ளினார், வளைகிற கம்பியால் வடிகாலைக் குத்தினார். வேலை முடிந்தது. கதவுக்கு அடியில் இருக்கிற துளைகளையும் சுத்தம் செய்தார். கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு, வெளியேறாவிட்டால்தான் வம்பு. கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். பிடிப்பில்லாமல் வந்தால் அந்த இடத்து ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கம்பளத்துக்கு அடியிலிருந்த பஞ்சை மட்டும் 3 நாள் மொட்டைமாடியில் காயவைக்கச் சொன்னார். அது ஈரமாகக் கிடந்தால் தகரம் துருப்பிடித்து, கால் ரோட்டுக்கே வந்துவிடும்!

அம்பாசிடரும் மாருதி 800-உம் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோயின. இன்று எந்த ஷோரூமிலும் புதிதாகக் கிடைக்காது. வேப்பிலைக்கு பயந்து அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புவதா?

எதிரணித் தங்கையே, உங்கள் கட்டுமரம் எந்த மரத்தடியில் நிற்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.