மன்றத்துச் சந்தாவும் அரசாங்க வரியும்

தீபாவளி நெருங்கும்போது தோட்டத்து மண்டபத்தில் ஆர்மோனியச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பால்மரம் வெட்டிவிட்டு வந்தவரும், செம்பனைக் குலை அறுத்துவிட்டு வந்தவரும், தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த பிள்ளைகளும் மாலையில் கூடிப் பாடிப் பழகுகிறார்கள். இவர்கள் நடத்துவதுதான் இசை மன்றம். மாதச் சந்தா 5 வெள்ளி. ஆண்டுக்கு ஒரு கலை இரவு. இந்தப் பணத்திற்கு விற்பனை வரி, சேவை வரி உண்டா? உறுப்பினரிடம் அதையும் சேர்த்து வாங்க வேண்டுமா? இன்று இதைப் பற்றிப் பேசுவோம்.

குழப்பத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் விற்பனை வரி 1972ஆம் ஆண்டிலும் சேவை வரி 1975ஆம் ஆண்டிலும் வந்தன. 2015 ஏப்ரல் முதல் நாள் அவற்றின் இடத்திற்குப் பொருள் சேவை வரி 6 விழுக்காடு என்று வந்தது. 2018 ஜூன் மாதம் அது சுழியமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய இரண்டு வரிகளும் புதிய சட்டங்களோடு திரும்பின. பொருள் சேவை வரிக் காலத்தில் கடைக்குக் கடை ரசீதில் வரியைப் பார்த்துப் பழகிய நமக்கு, பணம் கைமாறும் இடமெல்லாம் வரி உண்டு என்ற எண்ணம் நின்றுவிட்டது.

விற்பனை வரியைச் செலுத்துபவர் பொருளைத் தயாரிக்கும் தொழிற்சாலைக்காரரும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவருமே. வரிக்குரிய பொருளுக்கு 5 அல்லது 10 விழுக்காடு என்பது பொதுவான கணக்கு. அரிசிக்கு இல்லை. மன்றத்திற்கு ஓர் ஒலிபெருக்கி வாங்கினால் அந்த வரி விலையிலேயே அடங்கிவிட்டது. நாம் மறுபடியும் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

சேவை வரிதான் நாம் கவனிக்க வேண்டியது. உறுப்பினர்களுக்கென நடக்கும் தனியார் மன்றங்களையும் அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது. ஆனால் வரிக்குரிய சேவையின் மதிப்பு 12 மாதங்களில் 500,000 வெள்ளியைத் தாண்டினால்தான் சுங்கத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும். சாப்பாடு, பானம் விற்பதற்கு அந்த எல்லை 1,500,000 வெள்ளி. நீச்சல் குளமும் உணவகமும் வைத்திருக்கும் பட்டணத்து மன்றங்களுக்கு உரிய கணக்கு இது.

நம் மன்றத்தைப் பார்ப்போம். முப்பது உறுப்பினர், மாதம் 5 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 1,800 வெள்ளி. கலை இரவுக்கு 10 வெள்ளிச் சீட்டு முந்நூறு விற்றால் 3,000. தேநீர், வடை விற்றதில் 800 என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 5,600 வெள்ளி. எல்லைக்கு அருகில்கூட நாம் போகவில்லை. ஆகவே சந்தாவுக்கும் சீட்டுக்கும் சேவை வரி வசூலிக்கும் பொறுப்பு நமக்கு இல்லை.

பொறுப்பு இல்லை என்பது மட்டுமன்று, உரிமையும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். செலவு கூடிவிட்டதே என்று ஒரு பொருளாளர் 10 வெள்ளிச் சீட்டில் 'வரி 60 காசு' என்று சேர்த்து எழுதலாம். அவர் திருட நினைக்கவில்லை, மன்றத்திற்குத்தான் சேர்க்கிறார். ஆனால் வரி என்று சொல்லி வாங்கிய காசு அரசாங்கத்திற்குச் சேர வேண்டிய காசு; அதை மன்றப் பெட்டியில் வைக்க முடியாது. நாளைக்கு ஒருவர் "அந்த வரிக் காசு எங்கே அண்ணே?" என்று கேட்டால் என்ன பதில்? லயத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் முகம் பார்க்காமல் போவது இப்படிப்பட்ட அறுபது காசில்தான். பணம் போதாவிட்டால் கூட்டத்தில் பேசிச் சீட்டை 11 வெள்ளியாக்குங்கள். அது விலை, யாரும் குறை சொல்ல இடமில்லை.

நம்மிடம் பிறர் வரி கேட்பதும் உண்டு. கலை இரவுக்குச் சாப்பாடு போடும் உணவகம் பதிவு பெற்றதானால், பில்லில் 6 விழுக்காடு சேவை வரி சேர்க்கலாம். 2024 மார்ச்சில் மற்றப் பல சேவைகளுக்கு 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் சாப்பாட்டுக்கு 6 விழுக்காடே நின்றது. பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுங்கத் துறையின் இணையத் தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் நொடியில் செய்து தருவார்கள். எண் இல்லாத பில்லில் வரி இருந்தால் மரியாதையாகக் கேளுங்கள்.

இன்னொன்று, கேளிக்கை வரி. இது சுங்கத் துறையைச் சேர்ந்ததன்று. மாநில அரசாங்கத்தின் வருமானம். 1953ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருந்துவருகிறது. கட்டணம் வாங்கி ஆடல் பாடல் நடத்தினால் இது வரக்கூடும். ஆகவே சீட்டு அச்சடிப்பதற்கு முன்பே மாநில அலுவலகத்தில் விசாரித்து, கோயில் திருப்பணிக்கோ பள்ளிக்கோ நிதி திரட்டுவதானால் விலக்குக் கேட்டு எழுதுங்கள். விற்ற பிறகு கேட்டால் வரியைக் கைக்காசிலிருந்து கட்ட நேரிடும். வருமான வரி வேறு சங்கதி. அதை இங்கே கலக்க வேண்டாம்.

கணக்குப் புத்தகத்தில் சந்தா, சீட்டு, தின்பண்டம், நன்கொடை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே வரியில் 'கலை இரவு வரவு' என்று எழுதினால், எது சீட்டுப் பணம், எது நன்கொடை என்று ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது. சீட்டுக்கு எண் போடுங்கள். விற்காத சீட்டையும் கட்டி வையுங்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிந்த மன்றம் ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவு இலாகாவிற்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் இந்தப் புத்தகமே உதவும். எழுதும் பொறுப்பைப் படித்த தங்கைமாரிடம் கொடுத்துப் பாருங்கள். அப்பாவின் சம்பளச் சீட்டை வாசித்துக் கூட்டிக் கழித்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.