திரைவிளையாட்டும் பாரதக் கூத்தும்
(பிள்ளைச்சாவடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளைகள் திரைவிளையாட்டில் மூழ்குவதைப் பித்தென்கின்றோம். பாரதக் கூத்தில் விடியுமட்டும் வேற்றுலகில் இருந்தவரன்றோ நாமும்?

புனாவிலுள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனத்தார் உருவாக்க, 2020-இல் வெளிவந்த ‘ராஜி’யை ஆடிப் பார்த்தோம். அசுரர் கவர்ந்த தம்பியைத் தமக்கை தேடுகின்றாள். துர்க்கை திரிசூலம் அருள்கின்றாள். விரல்கள் பழகச் சில நாளாயின. கதைமரபோ முன்பே பழகியதாதலின் உள்ளம் முந்திப் புகுந்தது. கூத்தில் காண்போராயிருந்தோம், இங்கே அவள் நடப்பதும் வீழ்வதும் நம் கையால்.

ஆயினும், கூத்து விடியலில் மங்களம் பாடி வீட்டுக்கனுப்பும். விளையாட்டோ வீழ்ந்தவளை மீண்டும் எழுப்பி நம்மை இருத்தும். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல், அடங்கா ஆட்டத்தையும் நோயென்றே குறித்தது. ஆதலின் நம் இல்லத்தில் இரவு 8 மணிக்கு மங்களம் பாடிவிடுகின்றோம். ‘இன்னும் ஓர் அசுரன்’ என்று கெஞ்சுபவர் பிள்ளைகள் மட்டுமல்லர்.