பறக்காத பறவையின் முன்னால்

இலங்கைத் தவளைவாயன் என்னும் இரவுப் பறவை பகல் முழுவதும் மனிதரின் தலைக்கு மிக அருகிலேயே அமர்ந்திருக்கும். காட்டுப் பாதையில் நடப்பவர்களோ அதைக் காணாமலே கடந்துபோவார்கள். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் இனம் இது. நீளம் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். கேரளத்தின் தட்டேக்காடு சரணாலயத்துக்கு இதைக் காணவென்றே பலர் வருகிறார்கள். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. இரண்டும் ஒட்டி அமர்ந்தால் காய்ந்த சருகுக்கொத்து தொங்குவது போலிருக்கும். ஆள் நெருங்கினாலும் பறக்காது. அலகை மெல்ல மேலே உயர்த்தும். கண்ணைக் கீற்றளவுக்கு இடுக்கும். ஒடிந்த கிளையாகவே நின்றுவிடும்.

அவையோரே, நிறம் ஒத்திருந்தால் மட்டும் ஓர் உயிர் மறைந்துவிடாது. வெளிச்சம் மேலிருந்து விழுவதால் முதுகு ஒளிர்கிறது, வயிறு இருள்கிறது. அந்த வேறுபாடே உடலின் திரட்சியைக் காட்டிக்கொடுக்கும். முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருந்தால் வேறுபாடு அழிந்து, உடல் தட்டையாகத் தோன்றும். அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் இதைத் தெளிவாக விளக்கினார். அவர் கருத்துகள் 1909-இல் நூலாக வந்தன. ஓவியர் ஒருவர் இதைக் கண்டுசொன்னதில் வியப்பில்லை. நிழலைத் தீட்டியே உருவத்தைத் திரட்டிக் காட்டுவது அவர் தொழில். தரையில் முட்டையிடும் இரவுப் பறவைகளான பக்கிகளின் உடலில் உள்ள கோடும் புள்ளியும் வேறு வகையில் உதவுகின்றன: உடலின் விளிம்பைத் துண்டுதுண்டாக உடைத்துவிடுகின்றன.

ஆகவே தேடுகிறவர் நிறத்தைத் தேடிப் பயனில்லை. கிளையின் போக்குக்கு ஒவ்வாத வளைவு, இருபுறமும் ஒத்திருக்கும் வடிவம், காலைச் சாய்வெயிலில் தரையில் விழும் சிறு நிழல் ஆகியவையே தடயம்.

கண்டபின்தான் பொறுப்பு தொடங்குகிறது. ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் தரையில் முட்டையிடும் பறவைகளை ஆராய்ந்தவர்கள் 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆள்காட்டி இனப் பறவைகள் ஆபத்தைக் கண்டதும் சீக்கிரமே எழுந்து போய்விடும். அங்கே கூடு தப்புவது முட்டையின் நிறப்பொருத்தத்தால். பக்கிகள் கடைசிவரை அசையாமல் அடைகாக்கும். அங்கே முட்டையைக் காப்பது தாயின் இறகுக்கோலம். அப்படியானால், படம் எடுக்க நெருங்கி ஒரு பக்கியை எழுப்பிவிடுவது அதன் முட்டைக்கு இருந்த போர்வையை உருவிவிடுவதே. பறவை அசையாமல் இருப்பதை "அது பயப்படவில்லை" என்று கொள்ளும் வழக்கம் ஆபத்தானது.

நீண்ட குவிய லென்ஸுடன் தொலைவில் நிற்பதே முறை. பறவையும் பின்புலமும் ஒன்றாகக் கலந்திருப்பதால் கேமராவின் தானியங்கிக் குவியம் முன்னாலுள்ள சுள்ளியைப் பற்றிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளிக் குவியத்தைப் பறவையின் கண்ணில் வைக்கலாம், அல்லது குவிய வளையத்தைக் கையால் திருப்பலாம். மறைக்கும் இலையை ஒடிக்கக் கூடாது. ஒடித்தால் கேமராவுக்குத் திறக்கும் வழி காக்கைக்கும் பாம்புக்கும் திறக்கும். இரவுப் பறவையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். இலையோடு சேர்த்தே எடுத்த படம்தான் அந்த உயிர் வாழும் விதத்தைக் காட்டும். தவளைவாயன் ஒரே ஒரு முட்டை இடும். பகலில் ஆண் அடைகாக்கும். அந்தக் கூட்டின் படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிட வேண்டும்.